கழுத்து ஓடுகிறது, தொடாதீர்கள்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் ரயிலேறும் அத்தனை பேரையும் பின்பக்கத்தை வைத்தே அடையாளம் சொல்லக்கூடிய ஒரே மனிதர் கழுத்து சார்தான். முன்பக்கமாக வந்தால் திணறுவார். எங்கள் கல்லூரி முதல்வரே எதிரில் வந்து நின்றாலும், "நீங்க..." என்று இழுப்பார். முதல்வர் கடுப்பாகி நாலடி தாண்டிப் போனதும், அப்படியே உடம்போடு திரும்பி, "அடடே, பிரின்சிபால்! வணக்கம் சார்!" என்று அவர் முதுகுக்குக் கும்பிடு போடுவார்.

கவனியுங்கள், தலையை மட்டும் திருப்ப மாட்டார். பீரோவை நகர்த்துகிற மாதிரி மொத்த உடம்பையும்தான் திருப்புவார். மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டும்போது இவர் மட்டும் விறைப்பாக உட்கார்ந்து, "ஆமாம் சார்" என்று வாயால் சொல்வார். தலைக்கனம் பிடித்தவர் என்று ஊரே பேசியது. நானும் பேசினேன்.

திண்டிவனத்தைத் தாண்டி இருக்கிற பொறியியல் கல்லூரியில் அவர் மெக்கானிக்கல் துறை வாத்தியார். நான் கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பு. அவருக்கு நல்ல பேர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கழுத்தெலும்பில் ஆராய்ச்சி, அதனால் எல்லோருக்கும் கழுத்து சார்தான்.

கழுத்தில் அப்படி என்னதான் ஆராய்ச்சி என்று ஒரு நாள் கேன்டீனில் கேட்டுத் தொலைத்துவிட்டேன். என் தட்டிலிருந்த உளுந்து வடையை எடுத்தார்.

"மண்டைக்குக் கீழ மொத எலும்பு இதான் சார், வடை. அதுக்குக் கீழ ரெண்டாவது எலும்பு. அதுக்கு மட்டும் மேல ஒரு முளை இருக்கும்." ஆள்காட்டி விரலை வடை ஓட்டைக்குள் விட்டுச் சுற்றினார். "நீங்க 'இல்ல, இல்ல'ன்னு தலையாட்டுறீங்களே, அது இந்த வடை சுத்துறதுதான். முளை விட்டுப்போச்சுன்னு வைங்க, வடை வழுக்கும். பின்னாடி போற தண்டுவட நரம்பு நசுங்கிடும். அப்புறம் கை கால் போச்சு. இல்லாட்டி ஆளே போச்சு."

"சார், அது என் வடை."

"அதனால டாக்டருங்க ரெண்டு எலும்பையும் ஸ்குரூ போட்டு, கம்பி வெச்சு இறுக்கிடுவாங்க. எந்த ஸ்குரூ, எந்த சாய்வு, கம்பி தாங்குமா, இதெல்லாம் மனுஷன் மேல போட்டுப் பாக்க முடியுமா? கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்குறது நம்ம வேலை."

வடையை அவரே தின்றுவிட்டார்.

அவர் வேலை செய்கிற விதம் இதுதான். ஸ்கேனில் வந்த எலும்பைத் திரையில் லட்சக்கணக்கான துண்டாக்கி, ஸ்குரூவும் கம்பியும் பொருத்தி, தலையை முன்னே, பின்னே, பக்கவாட்டில் தள்ளுவார், முறுக்குவார். தாங்குகிற இடம் நீலமாக இருக்கும். சிவப்பு வந்தால் அங்கேதான் உடையும். ஒரு தரம் ஓடி முடிய மூன்று நாள். என் லேபில் உருப்படியாக இருந்ததே நாலு கம்ப்யூட்டர். நாலிலும் கழுத்து. நாலின் மேலும் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'கழுத்து ஓடுகிறது, தொடாதீர்கள்.' இடமில்லை, இடமில்லை என்று கம்ப்யூட்டர்கள் கத்தும். "உங்க ஃபைலையெல்லாம் ஒரு நாள் மொத்தமா அழிக்கப் போறேன் சார்" என்று நானும் கத்துவேன்.

லேபைக் கூட்ட வருகிற கோலியனூர் செல்வி அக்காவுக்குச் சீட்டு ஒரு பொருட்டா? வயர் காலில் தட்டுகிறதென்று பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெருக்கினார். மூன்றாவது நாள் ஓட்டம் அம்பேல். நான் குதித்தேன். அக்கா அசரவில்லை.

"இன்னாத்துக்குக் கத்துற? ஒரு கழுத்துதானே போச்சு, வேற ஒண்ணு போட்டுக்கட்டும்."

"போட்டுக்கலாம்மா, போட்டுக்கலாம்" என்று சொல்லி கழுத்து சார் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்த அவசரத்தில் கழுத்தின் அடியைக் கட்டிப்போட மறந்துவிட்டார். திரையில் தலையை லேசாகத் தள்ளினார், அவ்வளவுதான், மொத்தக் கழுத்தும் திரையை விட்டே பறந்துபோனது.

"எதாவது ஒண்ணு கீழ புடிச்சிக்கினு இருக்கணும் சார். கீழ்ப்பிடின்னு சொல்லுவேன் நான். அது இல்லன்னா, நீங்க எவ்ளோ மெதுவாத் தள்ளுனாலும் அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும்" என்றார். எனக்கு அன்றைக்குச் சிரிப்புதான் வந்தது.

ஸ்டேஷனிலிருந்து கல்லூரி வரை ஷேர் ஆட்டோ. வழியில் மூன்று வேகத்தடைகள். ஒவ்வொன்றுக்கும் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, இறங்கி, நடந்து தாண்டி, மறுபடி ஏறிக்கொள்வார். டிரைவர் தலையில் அடித்துக்கொள்வான். "சார், ஜல்தி ஏறு சார்! தெனமும் உன்னோட ஒரே பேஜாரு." நாங்கள் ஏழு பேரும் கோரஸாகச் சிரிப்போம்.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் ரயிலில் மல்லாட்டைக் கூடை, அதாங்க வேர்க்கடலைக் கூடை, சுமந்து வந்த அம்மாவின் பின்னால் நின்றுகொண்டு கழுத்தையே உற்றுப் பார்த்தால் என்ன ஆகும்? சுமை தூக்குகிறவர்களின் எலும்பு எப்படித் தாங்குகிறதென்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்குத் தன் தாலிச் சங்கிலிதான் ஞாபகம் வந்தது.

"யோவ்! விக்கிரவாண்டிலேருந்து பாக்குறேன், என் கழுத்தையே மொறைச்சிக்கினு வர்றே! சங்கிலி அறுக்கவா?"

"இல்லம்மா, உங்க மொத எலும்பு..."

எலும்பு என்றதும் பெட்டியே எழுந்துவிட்டது. திண்டிவனத்தில் ரயில்வே போலீஸ்காரர் அவரைக் கொத்தாகப் பிடித்து உட்கார வைத்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"இவரு உனக்கு யாருய்யா?"

எனக்கு ஒரே அவமானம். சுற்றிலும் கூட்டம், அதில் எங்கள் மாணவர்கள் வேறு. "யாருமில்லீங்க. கூட வேலை பாக்குறாரு, அவ்ளோதான்" என்றேன். விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அவர் ஆட்டோவில் ஏறவில்லை. நடந்தே கல்லூரிக்கு வந்தார்.

அடுத்த வாரம் இடமில்லாமல் ஒரு கம்ப்யூட்டர் நின்றேவிட்டது. எதை அழிக்கலாமென்று அவர் ஃபைல்களைத் திறந்தேன். ஸ்கேன் படத்தின் மூலையில் நோயாளியின் பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டில் இருக்கிற அதே பெயர்.

"சார், இது உங்க கழுத்தா?"

"அடுத்தவங்க ஸ்கேன் கேட்டா யாரு சார் குடுப்பா? நம்மளுது சும்மாதானே கெடக்குது" என்று சிரித்தார். அப்புறம் சொன்னார். சொந்த ஊர் கெடார். ஒன்பது வயதில் மல்லாட்டை மூட்டை ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்ததில் அந்த முளை அடியோடு விட்டிருக்கிறது. இத்தனை வருடம் எப்படியோ ஓட்டிவிட்டார். இப்போது விரல் மரத்துப்போய் சாக்பீஸ் நழுவுகிறது. நல்ல குலுக்கல் ஒன்று போதும் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது.

மூன்று வேகத்தடைகளும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"அப்புறம் ஏன் சார் ஆபரேஷன் பண்ணிக்கல?"

"மாடல் சரியா வரட்டும் சார். எடது ஸ்குரூல இன்னும் கொஞ்சம் செவப்பு வருது."

பொய். வருடக்கணக்கில் பார்த்து எனக்கும் கொஞ்சம் தெரியும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எப்போதோ போட்டதிலேயே எல்லாம் நீலமாக இருந்தது. அதற்கப்புறமும் மனிதர் சும்மா ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"எல்லாம் நீலமாத்தானே இருக்குது சார்?"

திரையை அணைத்தார். "கையெழுத்துப் போட ஆஸ்பத்திரில வீட்டு ஆளு கேட்டாங்க சார். அப்பா அம்மா போய்ட்டாங்க. கல்யாணம் பண்ணிக்கல, கூடப் பொறந்தவங்களும் இல்ல. கூட யாரு வந்திருக்காங்கன்னாங்க. யாருமில்லீங்கன்னேன். யாரையாவது கூட்டிக்கினு வாங்கன்னு அனுப்பிட்டாங்க."

யாருமில்லீங்க. ஸ்டேஷனில் நான் சொன்ன அதே வார்த்தை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் மேலா, என் மேலா, தெரியவில்லை.

"ரெண்டு வருஷமா தெனமும் பக்கத்துலதானே உக்காந்துக்கினு வர்றே? இதைச் சொல்ல வாய் இல்லியா உனக்கு? பைத்தியக்காரனாய்யா நீ!"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை நீ என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆபரேஷன் அன்று காலையில் ஆஸ்பத்திரியில் தாளை நீட்டினார்கள். பெயர் எழுதினேன். அடுத்த கட்டத்தில் 'உறவுமுறை' என்று இருந்தது. தம்பி என்று எழுதினேன். சட்டப்படி அது தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். நர்ஸ் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து கிடந்தவரைப் பார்த்தார்.

"கூடப் பொறந்தவரா? சாயலே இல்லியே?"

"மூஞ்சில தெரியாது சிஸ்டர். கழுத்துல பாருங்க."

விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தவர் சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "அசையக் கூடாது, அசையக் கூடாது" என்று நாலு பேர் ஓடிவந்தார்கள்.

மதியத்துக்கு மேல்தான் வெளியே வந்தார். "உங்க அண்ணன் மயக்க மருந்து ஏறுற வரைக்கும் எங்களுக்குக் கிளாஸ் எடுத்தாரு" என்று டாக்டர் சொன்னார். கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "செவப்பா சார்?"

"நீலம் சார். முழுக்க நீலம்" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் சொன்னேன்.

விரல்களுக்கு உணர்ச்சி திரும்பியது. மறு வருடம் வடக்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். விழுப்புரத்தில் நான்தான் ஏற்றிவிட்டேன். தலையைத் திருப்பி எட்டிப் பார்க்க அவரால் முடியாது. அதனால் பெட்டி வாசலில் மொத்த உடம்போடும் என் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வண்டி மறைகிற வரைக்கும் அப்படியே நின்றார்.

போன் பேசுகிற ஆள் அவர் இல்லை. நானும் இல்லை. காலை ரயிலில் பக்கத்து இடம் இப்போது யார் யாருக்கோ போகிறது. பொழுது போகாமல் எதிரில் இருப்பவர்களின் கழுத்தைப் பார்க்கிறேன். போன வாரம் ஒரு அம்மா முந்தானையை இழுத்துச் சங்கிலியை மூடிக்கொண்டு முறைத்தார். திண்டிவனத்தில் என்னைப் பிடித்து உட்கார வைத்தால், வந்து யார் என்று சொல்ல ஆள் கிடையாது.

சென்ற மாதம் மறுபடி கம்ப்யூட்டரில் இடமில்லை. அவர் கடைசியாக ஓட்டிய ஃபைலைத் திறந்தேன். ஆபரேஷனுக்கு அப்புறம் எடுத்த ஸ்கேனை வைத்துச் செய்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் போடுவது அவர் வழக்கம். மேல் எலும்பு, கீழ் எலும்பு, இடது ஸ்குரூ, வலது கம்பி, எல்லாம் ஒழுங்காக இருந்தது. அடியில், எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிற இடத்தில், எப்போதும் கீழ்ப்பிடி என்று போடுவார். இதில் தம்பி என்று போட்டிருந்தார்.

அந்தக் கம்ப்யூட்டர் இடமில்லை, இடமில்லை என்று இன்றைக்கும் கத்துகிறது. கத்தட்டும். அதன் மேல் என் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: 'கழுத்து ஓடுகிறது, தொடாதீர்கள்.'