விமானம் போகும்போது சொன்னது

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குக் கல்யாணத்துக்குப் பிறகு கிடைத்த ஒரே சுதந்திரம் ஆகாய மார்க்கமாக வந்தது. விமானங்கள் அவர் வீட்டு மொட்டை மாடியை உரசிக்கொண்டுதான் இறங்கும். ஒன்று இறங்கும்போது தெருவே வாயை மூடிக்கொள்ளும். பேரம் பேசுகிறவர்கள், சண்டை போடுகிறவர்கள் எல்லோரும் விட்ட இடத்தில் அப்படியே நிற்பார்கள். சத்தம் ஓய்ந்ததும் அடுத்த வார்த்தையிலிருந்து தொடங்குவார்கள். கடைக்காரர் மட்டும் அந்த நேரம் பார்த்துத்தான் வாயைத் திறப்பார்.

"சனிக்கிழமை சாயங்காலம் சீட்டாடப் போறேன்" என்று மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எத்தனை ஆண்பிள்ளைகளுக்குத் துணிச்சல் உண்டு? அவர் சொன்னார். தலைக்கு மேல் விமானம் உறுமும்போது சொன்னார். தையல் மெஷினில் குனிந்திருக்கும் மனைவிக்கு ஒரு எழுத்தும் காதில் விழாது. பிறகு கேள்வி வந்தால், "அப்பவே சொன்னேனே, நீயும் தலையாட்டினியே" என்பார். விமானம் போகும்போது சொன்னாலும் சொன்னது சொன்னதுதான் என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் அவரே. பூட்டுக்கடைக்காரர் வீட்டு மாடியில் அவருடைய சீட்டுக்கச்சேரி இப்படித்தான் தங்குதடையில்லாமல் நடந்துவந்தது.

அதற்குத்தான் இப்போது ஆபத்து. ஓடுபாதையை நீட்டப் போகிறார்களாம். அதில் அவருக்கு வருத்தமே இல்லை. பெரிய விமானம், பெரிய சத்தம், பெரிய சுதந்திரம். ஆனால் தெருக்காரர்களிடம் கருத்துக் கேட்க அதிகாரிகள் வருகிறார்களாம். சரி என்று சொன்னால் வீட்டுக்கு வீடு சத்தம் நுழையாத இரட்டைக் கண்ணாடி ஜன்னல் இலவசமாம். செய்தியைக் கொண்டுவந்ததே மனைவிதான்.

"ஜன்னலைச் சாத்திட்டா ஊசி விழுந்தாக்கூடக் கேக்குமாம். இனிமே நீங்க சொல்றதுல ஒரு வார்த்தை தப்பாது. கூட்டத்துல நீங்களே எழுந்து ஜன்னல் வேணும்னு சொல்லிடுங்க" என்றாள்.

அன்று முழுவதும் கடைக்காரர், வந்தவர்களுக்கெல்லாம் கிட்டப்பார்வைக்குத் தூரப்பார்வைக் கண்ணாடியை மாட்டி அனுப்பினார். ஜன்னல் வந்தால் சீட்டு போச்சு. எழுந்து பேசுவது என்று முடிவெடுத்தார். ஆனால் மனைவி சொன்னதை அல்ல.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். புது விமானங்களின் சத்தம் எப்படி இருக்கும் என்று காட்ட அதிகாரி ஒரு ஒலிபெருக்கியைக் கொண்டுவந்திருந்தார். அவர் பொத்தானை அமுக்கிய நேரத்தில் நிஜ விமானமே மேலே போயிற்று. ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. "இவ்வளவுதாங்க சத்தம்" என்று அதிகாரி முடித்ததும் ஹாலே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கடைக்காரர் எழுந்துவிட்டார்.

"கண்ணாடி விக்கிறவன் நான். நானே சொல்றேன், இந்தக் கண்ணாடி வேண்டாம். தப்பு பண்றது விமானம், ஜெயில் எங்களுக்கா? ஜன்னலைச் சாத்திட்டு உள்ளே உக்காந்திருக்க நாங்க என்ன ஊறுகாயா?"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அதற்கப்புறம் அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. காற்று என்றார், வெளிச்சம் என்றார், மனித உரிமை என்றார். வாழ்நாளில் மனைவி இருக்கும் இடத்தில் அவர் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதே கிடையாது. கடைசியில் ஜன்னல் திட்டத்தைக் கைவிடுவதாக அதிகாரி அறிவித்தார். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இன்னொரு விமானம் போயிற்று. பக்கத்தில் மனைவி சிரித்த முகத்தோடு என்னவோ சொன்னாள். பாராட்டாகத்தான் இருக்கும் என்று அவரும் பெருந்தன்மையோடு தலையாட்டிவைத்தார்.

வீடு வரை அவர் கால் தரையில் படவில்லை. வாசலில் ஒரு பெரிய சண்டையை எதிர்பார்த்தார். அவளோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நல்லாப் பேசினீங்க. ஜன்னலுக்குப் பதிலா இப்போ சத்தக் கமிட்டி போடுறாங்க, பல் டாக்டர் உங்களைக் கட்டிப்பிடிச்சப்போ அதிகாரி சொன்னார். தெரு சார்பா உங்க பேரைக் கொடுத்துட்டேன். எல்லாருக்கும் ஏக சந்தோஷம்."

அவருக்கும் சந்தோஷம்தான். "கமிட்டி என்னிக்கு?" என்றார்.

"வாராவாரம். சனிக்கிழமை சாயங்காலம்."

டம்ளர் பாதியில் நின்றது. "என்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"கேட்டேனே. ஹால்ல, விமானம் போகும்போது. நீங்களும் தலையாட்டினீங்களே."

காதில் விழவில்லை என்று சொல்லலாம். சொன்னால் அவர் போட்ட சட்டம் போகும். அதோடு இத்தனை வருஷத்துச் சனிக்கிழமைகளும் விசாரணைக்கு வரும். ஆனாலும் சீட்டாயிற்றே. இருந்த தைரியத்தையெல்லாம் திரட்டி, "முடியாது, நான் போக மாட்டேன்" என்று தொண்டை கிழியக் கத்தினார். கத்திய நேரத்தில் மொட்டை மாடிக்கு மேல் ஒரு விமானம் வந்து இறங்கியது.

சத்தம் ஓயும்வரை மனைவி பொறுமையாக ஊசியில் நூல் கோத்தாள்.

"நீங்க சம்மதிப்பீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.