கலங்கிப்போன ஸ்காட்ச்

பாட்டிலைப் பார்த்ததுமே ஆபீசர் செல்வகுமாரின் முகம் கோணிப்போனது. மனோகரன் பெயரில் ஜபல்பூருக்கு மாற்றல் ஆர்டர் வந்து கிடக்கிறது. அதை நிறுத்தக்கூடிய ஒரே மனிதர் இவர்தான். அதற்காகவே ஸ்காட்லாந்திலிருந்து மச்சினன் தேவா கொண்டுவந்த விஸ்கியைத் தொடாமல் பூட்டிவைத்து, சேக்காட்டிலுள்ள தன் வீட்டுக்கு அவரை வருந்தி அழைத்திருந்தான்.

"என்னய்யா, லேபிள்ல தெரிஞ்ச பேர் ஒண்ணையும் காணோம்? வெறும் நம்பர்தான் இருக்கு."

தேவா சொன்னதை மனோகரன் அப்படியே ஒப்பித்தான். காய்ச்சியது ஒரு கம்பெனி; அவர்களிடம் ஒரே ஒரு பீப்பாயை விலைக்கு வாங்கி, தங்கள் பாட்டிலில் அடைத்தது வேறொரு கம்பெனி.

"அடுத்தவன் சரக்கு, இவன் பாட்டில். இதுக்கு நம்ம ஊர்ல டூப்ளிகேட்னு பேரு."

விளக்கப்போய் வினையாயிற்றே என்று நொந்துகொண்டே மனோகரன் ஊற்றினான். நிறம் வெளிறியிருந்தது. தண்ணீர் கலந்தாயா என்று கேட்டார் ஆபீசர். கலரே சேர்க்காத அசல் என்று சொல்லி, பேச்சை மாற்ற ஐஸ் போட்டான். பாழாய்ப்போன ஐஸ் பட்டதும் சரக்கு அரிசி கழுவின தண்ணீராய்க் கலங்கியது. அதிகம் வடிகட்டாத சரக்கு அப்படித்தான் இருக்கும் என்றான். வடிகட்டவே இல்லையா என்று அவர் கிளாஸைத் தள்ளி வைத்தார்.

வேறு வழியில்லாமல், விஷமில்லை என்று நிரூபிக்க மனோகரன் தன் பங்கைச் சோடா இல்லாமல் ஒரே மடக்காக விழுங்கினான். தொண்டை பற்றிக்கொண்டது. பேச்சு வரவில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டியது. சமையலறையிலிருந்து ஓடிவந்த மனைவி கஸ்தூரி, அவன் மார்பைப் பிடித்திருப்பதைப் பார்த்து, "என்னத்தைக் குடுத்தீங்க சார் இவருக்கு?" என்று ஆபீசரிடமே சண்டைக்குப் போனாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

குரல் திரும்பியதும் மச்சினனையும் ஸ்காட்லாந்தையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தான் மனோகரன். ஜபல்பூரில் இட்லி மாவு கிடைக்குமா என்று கஸ்தூரி அழத் தொடங்கினாள்.

அப்போது கதவு தட்டப்பட்டது. வெளியே ஆபீசரின் டிரைவர் கஜபதி.

"அண்ணாத்தே, ஐயா கார்ல கீறாரு. அந்த டூப்ளிகேட்ட ஊட்ல வெச்சிகினா கேஸாயிடுமாம். அவரே எட்த்துனு போய்க் கொட்டிடறாராம், குடுக்கச் சொன்னாரு. மாத்தல் ஆர்டர அவரு பாத்துக்கறாராம்."

மனோகரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனுஷன் தங்கம் என்று உருகிப்போய், பாட்டிலை இரண்டு கையாலும் நீட்டினான்.

வாங்கிக்கொண்ட கஜபதி தயங்கி நின்றான்.

"இத்த மோந்து பாத்துக் குடிக்கிறதுக்குன்னே வாய் குறுகலா ஒரு கிளாஸ் வருமாமே, அண்ணாத்தே. ஐயாவோடது போன வாரம் ஒடஞ்சிபோச்சாம். இருந்தா அத்தயும் வாங்கியாரச் சொன்னாரு."