கறுப்புத்திரை வெளியே போன அரை மணித்தியாலம்

மவுஸைக் கையால் தொடாமலே யாழ்ப்பாணத்தில் பாதிப் பேரின் கலியாணத்தை அழகாக்கிக் கொடுத்தவர் ஒரேயொரு மனிதர்தான். கொக்குவில் ரயில் கடவைக்குப் பக்கத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்தார். மற்ற ஸ்ரூடியோக்களில் கணினியைப் போட்டால் படம் தெரியும். இவரிடம் கறுப்புத் திரையும் அதில் நாலு வரி வெள்ளை எழுத்தும்தான் தெரியும். லினக்ஸ் என்று அவர் சொல்லுவார். ஊர் அந்தப் பெயரை விட்டுவிட்டு, மனிதருக்கே கறுப்புத்திரை என்று பெயர் வைத்துவிட்டது.

“அண்ணை, உந்தக் கொம்பியூட்டர் பழுதோ? படம் ஒண்டையும் காணேல்லை” என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள்.

“படம் பாக்கிறதுக்கு அல்பம் இருக்கு. இது வேலை செய்யிறதுக்கு” என்பார்.

மற்றவர்கள் ஆயிரம் படத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து வெட்டி, வெளிச்சம் கூட்டி, கண் பூத்துப்போய் இருப்பார்கள். இவர் ஒரு வரி அடிப்பார். ஆயிரமும் ஒரேயடியாகத் திருந்தும். அது ஓடி முடியும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு, பிள்ளையைச் சோதனை மண்டபத்துக்குள் விட்ட தகப்பன் மாதிரி இருப்பார்.

ஒரே வரியில் எல்லாவற்றையும் வெட்டினால் ஆபத்தும் உண்டு. ஒரு பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாப் படங்கள் அத்தனைக்கும் மேலே இரண்டு விரற்கடை வெட்டச் சொல்லிக் கட்டளை கொடுத்தார். பிள்ளைகள் எல்லாரும் திறமாக வந்தார்கள். அதிபர் ஆறடி உயரம். அறுபது படத்திலும் தலையில்லாமல் நின்று கேடயம் கொடுத்தார். கேட்கப் போன ஆசிரியரிடம் கறுப்புத்திரை அசையவேயில்லை.

“கட்டளை சரி மாஸ்டர். அதிபர்தான் பிழையான இடத்திலை நிண்டவர்.”

ஆனாலும் ஆள் கெட்டிக்காரர். மூலப் படங்களைத் தனி டிஸ்க்கில் கொப்பி எடுத்து வைத்துவிட்டுத்தான் வேலை தொடங்குவார். அன்று பின்னேரமே அதிபருக்குத் தலை திரும்பி வந்தது.

அவரோடு எல்லாரும் கொழுவிச் சண்டை பிடிக்கிற இடம் வேறு. கலியாணப் பொம்பிளையின் தாய்மார் வந்து, “பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ” என்பார்கள்.

“பிள்ளை வெள்ளையானால் ஐயரும் வெள்ளையாவார், நாதஸ்வரக்காரரும் வெள்ளையாவார். பிறகு ஆரின்ரை கலியாணமெண்டு ஆருக்குத் தெரியும்?” என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

பின்னேரங்களில் அவருடைய கடையில் போய்க் குந்தியிருக்கிறவன் நான். என் தங்கையின் கலியாணப் படமும் அவரிடம்தான். அம்மா கமராவைக் கண்டால் சேலைத் தலைப்பால் வாயை மூடுகிற ஆள். எங்கள் வீட்டில் இருந்த படங்களில் எல்லாம் அம்மா பாதி முகம்தான். கலியாணத்தன்று மட்டும், தாலி கட்டி முடிந்த கையோடு, தன்னை மறந்து சிரித்திருந்தா. கறுப்புத்திரை அந்தப் படத்தை எனக்குத் திறந்து காட்டினார். அவர் படத்தைத் திறந்து காட்டியதை அன்றுதான் முதலில் கண்டேன்.

ஆனால் எனக்குத் தலைக்குள் வேறு யோசனை. ரொறன்ரோவில் இருக்கும் மாமா, யாரோ கைப்பேசியில் எடுத்து அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, “ஏன் எல்லாரும் கறுத்துப்போய் இருக்கிறியள்?” என்று காலமையே கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் படம் பார்க்க வருகிறார்கள். கறுப்புத்திரையோ சம்மதிக்கமாட்டார்.

கொப்பி எடுக்கும் டிஸ்க்கை யாருக்கோ இரவல் கொடுத்திருந்தார். அதை வாங்கச் சைக்கிளில் வெளிக்கிட்டார்.

“ஒண்டிலையும் கை வைக்காதையும் தம்பி. கமராக் கார்ட்டும் அழிச்சு அடுத்த கலியாணத்துக்குக் குடுத்தாச்சு. இனி உதுக்குள்ளை இருக்கிறது மட்டும்தான்.”

எத்தனை நாள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளை வரும். வந்தது. வெளிச்சத்துக்குரிய இலக்கத்தைக் கூட்டினேன். குறைவாக இருந்தால் மாமா பிறகும் ஏதும் சொல்லுவாரே என்று இன்னும் கூட்டினேன். என்டரைத் தட்டினேன். அது புதிதாகப் படம் செய்கிற கட்டளையல்ல, இருக்கிற படத்தின் மேலேயே எழுதுகிற கட்டளை என்பது எனக்குத் தெரியாது.

அவர் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆயிரத்துச் சொச்சப் படத்திலும் மா அப்பிய முகங்கள். அம்மாவின் இடத்தில் பட்டுச் சேலை மாதிரி ஏதோ ஒன்றும் அதற்கு மேலே வெறும் வெள்ளையும் இருந்தன.

“ஆர் அடிச்சது?” என்று கேட்டார். நான் கதிரையை விட்டு எழும்பி நின்றேன். கடைக்குள் வேறு யாரும் இல்லை. இரண்டாம் தரம் அவர் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, படங்கள் முடிந்ததோ என்று கேட்கத் தங்கை கடைக்குப் போன் எடுத்தாள். “என்ரை பிழை பிள்ளை. கட்டளையை மாறி அடிச்சுப்போட்டன்” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

கதை ஊரெல்லாம் போனது. கலியாணக்காரர் வேறு ஸ்ரூடியோ பார்த்தார்கள். ஒருமுறை சபையில் கதை வந்தபோது, “ஓம், கவனமில்லாத மனிசன்” என்று நானும் சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

அடுத்த வருடம் அம்மா போய்விட்டா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் போட முழு முகம் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. கறுப்புத்திரை சைக்கிளில் வந்து ஒரு கடித உறையை நீட்டினார். உள்ளே முத்திரையளவில் ஒரு படம். அம்மா, தன்னுடைய நிறத்திலேயே, வாய் நிறையச் சிரிக்கிறா.

“ஒவ்வொரு படத்துக்குள்ளையும் கமரா ஒரு குட்டிப் படம் வைச்சிருக்கும் தம்பி. அந்தக் கட்டளை அதைத் தொடேல்லை. தேடித்தான் எடுத்தனான். பெருப்பிக்காதையும், உடைஞ்சுபோம்.”

தங்கை அவர் முகத்தைப் பார்க்க விரும்பாமல் அறைக்குள்ளேயே இருந்தாள். அவளைக் கூப்பிட்டு ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ அண்ணை” என்றுதான் எனக்கு வாயில் வந்தது. “வேண்டாம்” என்று சைக்கிளை எடுத்தார்.

பிறகு ஸ்ரூடியோவைப் பூட்டிவிட்டு வவுனியாவில் மகளோடு போய் இருந்தார். போன மாதம் அங்கேயே காலமானார்.

தங்கச்சி, நீ இந்தப் பத்திரிகையை ஒரு கிழமையும் விடாமல் வாசிக்கிறவள். படத்தை அழித்தது நான். அவர் அம்மாவைத் தேடி எடுத்துத் தந்தவர். எனக்கு அந்த மனிதரில் சரியான விருப்பம். அவர் இருந்தபோது அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.