சம்மாட்டியார் சொன்ன ஓம்

"தம்பி, கருவாட்டுக்குப் பக்கத்திலை கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறாரே, ஆர் உந்தச் சாமியார்?"

தொண்டைமானாற்றிலிருந்து கனகரத்தினம் சம்மாட்டியார் போனில் இப்படிக் கேட்டபோது, கோப்பாயில் கீர்த்திகன் புட்டோடு சம்பலைக் குழைத்துக்கொண்டிருந்தான். குழைத்த கை அப்படியே நின்றது. அந்தக் கருவாட்டு விளம்பர வீடியோவை அவன் முழுவதும் பார்க்காமலே அனுப்பியிருந்தான். செயற்கை நுண்ணறிவு செய்து முடித்த வேலையை மனிதன் உட்கார்ந்து சரிபார்ப்பது மரியாதையில்லை என்பது அவனுடைய கொள்கை.

"சாமியாரோ ஐயா?"

"சடை, தாடி, உருத்திராக்கம் எல்லாம் இருக்கு. என்ரை கீரிமீன் கருவாட்டுக்கு முன்னாலை இருந்து 'ஓஓஓம்' எண்டு இழுக்கிறார். பின்னாலை மணி வேறை அடிக்குது. சனம் கருவாடு வாங்க வருமோ, திருநீறு வாங்க வருமோ?"

"உவன் கொம்பியூட்டர் பிழை விட்டிட்டான் ஐயா. பின்னேரத்துக்குள்ளை திருத்தி அனுப்பிவிடுறன்."

"அனுப்பும், அனுப்பும். மிச்சமெல்லாம் திறம். கடல் எங்கடை கடலை விட வடிவாயிருக்கு."

கீர்த்திகன் நேற்றுவரை கலியாண வீடியோக்காரன். ஊரில் எல்லார் கையிலும் போன் வந்தபிறகு, தாலி கட்டும் நேரத்தில் அவனுடைய கமராவுக்கு மாப்பிள்ளையின் முதுகுகூட அகப்படுவதில்லை. போன் பிடித்த கைகள்தான் அகப்பட்டன. ஆகவே தொழிலை மாற்றினான். இனி வியாபார விளம்பரங்கள் மட்டும். கமரா வேண்டாம், லைட் வேண்டாம், நடிக்க ஆள் வேண்டாம், நடிக்க வந்த ஆளின் தாயாருக்குச் சோடா வேண்டாம். எல்லாம் யந்திரம் பார்த்துக்கொள்ளும்.

சம்மாட்டியார்தான் முதல் வாடிக்கையாளர். நாலைந்து வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். இப்போது கருவாட்டைப் பைகளில் அடைத்து, மனைவியின் பெயரில் 'தங்கமுத்து கருவாடு' என்று கடை திறக்கப்போகிறார். இந்த விளம்பரம் பிடித்துப்போனால் கரையோரம் முழுவதும் கீர்த்திகனைத் தேடி வரும். பிடிக்காவிட்டால் சுன்னாகத்தில் மனைவியின் அண்ணன் பிரகலாதனுடைய ஹாட்வெயார் கடை இருக்கிறது. அங்கே ஆணிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் பிரகலாதன் அவன் வந்து உட்கார ஒரு கதிரையைப் போட்டுவைத்து, வருகிறவர்களிடம் எல்லாம், "உது கீர்த்திகன்ரை கதிரை. எப்பிடியும் வருவார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கீர்த்திகனுக்குக் கனவில் பேய் வருவதில்லை. அந்தக் கதிரைதான் வரும்.

விளம்பரத்துக்கான பேச்சைச் சம்மாட்டியாரே தம் குரலில் பேசி அனுப்பியிருந்தார். முடிவில் ஒரு நிபந்தனையும் இருந்தது: "நான் சொன்னதிலை ஒரு சொல்லுக் கூடப்படாது, ஒரு சொல்லுக் குறையப்படாது."

அந்தக் குரல்பதிவில் கடற்காற்று, காகம், பாத்திரம் உருளும் சத்தம், தூரத்தில் யாரோ முணுமுணுக்கும் சத்தம் என்று ஆயிரம் இரைச்சல். கீர்த்திகன் முதல் வேலையாக அதை யந்திரத்திடம் கொடுத்து இரைச்சல் அத்தனையையும் நீக்கினான். சம்மாட்டியாரின் குரல் மட்டும் பளிங்குபோல மிஞ்சியது.

"தொண்டைமானாத்துக் கருவாடு. எங்கடை கடல்லை பிடிச்சு, எங்கடை வெயில்லை காயவைச்சது. மண் இல்லை, மணல் இல்லை. ஓம். சட்டியிலை போட்டால் அயல்வீட்டுக்காரன் படலையடியிலை நிப்பான்."

நடுவில் நின்ற அந்த 'ஓம்' கீர்த்திகனை உலுக்கிவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான்.

"தர்சினி, இஞ்சை வா. மண் இல்லை, மணல் இல்லை எண்டு சொல்லிப்போட்டு, ஒரு மூச்சு விட்டு, 'ஓம்' எண்டுறார். என்ன உறுதி! இந்த விளம்பரத்தின்ரை உயிரே உந்த ஒரு சொல்லிலைதான் கிடக்கு."

"புட்டு ஆறுது" என்றாள் தர்சினி.

அப்படிப்பட்ட ஓமைத்தான் யந்திரம் சாமியாராக்கிவிட்டது. கீர்த்திகன் பொறுமையாக அதற்கு விளக்கம் எழுதினான். இந்த ஓம் மந்திரம் அல்ல. கேட்டதற்கு உடன்படும்போது சொல்லும் சொல். யந்திரம் 'அருமையான விளக்கம்' என்று அவனைப் பாராட்டிவிட்டு, புதிய வீடியோ ஒன்றைத் தந்தது. அதில் தலை நிறைய மல்லிகைப்பூவோடு ஒரு பெண் வந்து, கருவாட்டைக் கன்னத்தோடு அணைத்து, "ஆமாங்க!" என்றாள்.

அதையும் அனுப்பினான். சம்மாட்டியார் உடனே போன் எடுத்தார்.

"உந்தப் பிள்ளை ஆர் தம்பி? எங்கடை சனம் உப்பிடிக் கதைக்குமோ? காங்கேசன்துறையிலை இந்தியக் கப்பலாலை வந்து இறங்கின கருவாடு எண்டெல்லோ நினைப்பினம்!"

கீர்த்திகன் போனை வைத்துவிட்டு மனைவியைப் பெருமையோடு பார்த்தான். "கண்டியோ? அவருக்கு எங்கடை ஓம்தான் வேணும்."

"அப்பிடிச் சொன்னவரோ?"

"சொல்லவேணுமோ? விளங்குதுதானே."

ஒற்றை ஓம்தான் பிழையாகிறது என்று கருதி, நாங்கள் அன்றாடம் சொல்வதுபோல 'ஓமோம்' என்று எழுதிக் கொடுத்தான். யந்திரம் இரண்டு சாமியார்களைத் தந்தது.

ஒரு பெண்ணுக்குப் பதில் சொல்வதாக வைத்தால் சம்மதம் என்று அதற்குப் புரியும் என்று அடுத்து நினைத்தான். 'ஓமம்மா' என்று எழுதினான். முடிவில் 'அம்மா'வை வெட்டிவிடும்படியும் அதற்கே சொன்னான். அப்போது ஒரு சொல்லும் கூடிவிடாது. இந்த முறை யோசனையில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. வந்த வீடியோவுக்கு 'ஓம்' என்றே பெயரிட்டு, சம்மாட்டியாரின் மகள் நிரோஜாவுக்கு உடனே அனுப்பிவிட்டான். கடையின் கொம்பியூட்டர் வேலையெல்லாம் அந்தப் பிள்ளையின் பொறுப்பு.

அனுப்பியபிறகு தர்சினிதான் அதைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இதிலை ஓமம் வளக்கினம்."

"என்ன?"

"ஓமகுண்டம். நெய் விடுகினம். கருவாட்டைத் தூக்கி நெருப்பிலை போடுகினம். சந்நிதி முருகா! இதையும் அனுப்பிப்போட்டியளோ?"

"ஓம்" என்றான் கீர்த்திகன். அந்த ஓமில் உறுதி ஏதும் இருக்கவில்லை.

அதைப் பார்க்க வேண்டாம், திருத்தியது வருகிறது என்று நிரோஜாவுக்குச் செய்தி போட்டான். தர்சினி பக்கத்தில் வந்து இருந்தாள்.

"உந்த ஓமைத் தூக்கிவிட்டால் என்ன?"

"ஒரு சொல்லுக் குறையப்படாது எண்டு சொன்னவர்."

"அப்ப உந்த ஓம் என்னத்துக்கெண்டு அவரிட்டையே ஒருக்கால் கேளுங்கோவன்."

"கேட்டால், உவனுக்குத் தொழில் தெரியாது எண்டு நினைப்பார்."

யந்திரத்தால் முடியாததை மனிதர் செய்யட்டும் என்று தர்சினியையே ஓம் சொல்ல வைத்துப் பதிந்தான் கீர்த்திகன். அவளும் சொன்னாள். கலியாணம் கட்டிய பிறகு அவள் அவனுக்குச் சொல்லிவந்த ஓம் அது. கேட்ட எவரும் அதை 'இல்லை' என்றுதான் எடுப்பார்கள்.

கடைசியில், வெறுத்துப்போய், சம்மாட்டியார் அனுப்பிய குரலிலிருந்தே அந்த ஓமை வெட்டியெடுத்து, கருவாட்டுப் படத்தின்மேல் ஒட்டினான். சாமியாரில்லை, மல்லிகைப்பூ இல்லை, நெருப்பு இல்லை. கச்சிதமாக இருந்தது. கொள்கையை விட்டு, முதன்முறையாக ஒரு வீடியோவை முழுவதும் பார்த்தான். கண் கலங்கியது. 'கடைசி' என்று பெயரிட்டு நிரோஜாவுக்கு அனுப்பினான்.

சந்நிதித் திருவிழா முடிந்து, விரதம் விட்டு வீடுகளில் மீன், மச்சம் காய்ச்சத் தொடங்கியதும் கடை திறப்பு. வாசலில் பந்தல், வாழை, பெரிய திரை. ஊர்ச்சனம் முழுவதும் வந்திருந்தது. சுன்னாகத்திலிருந்து பிரகலாதனும் வந்து முன்வரிசையில் இருந்து, கீர்த்திகனைப் பார்த்துத் தலையாட்டினான். கீர்த்திகன் பந்தலின் பின்பக்கம், ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றான். அவன் தலைக்குமேல் நாதஸ்வரம் வெளுத்துவாங்கியது.

அப்போது போன் அடித்தது. கடைக்குள்ளிருந்து நிரோஜா.

"...போட... அண்ணை?"

போடட்டோ என்று கேட்கிறாள். கீர்த்திகன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினான்.

"ஓம்!"

"என்ன அண்ணை?"

"ஓம்! ஓம்!"

நிரோஜா கேட்டது, 'எதைப் போடட்டும் அண்ணை' என்று. அவள் கெட்டிக்காரி. இரண்டு தரம் பெயர் சொல்லியபிறகு பிழை விடுகிற பிள்ளையில்லை. 'ஓம்' என்ற வீடியோவைத் தேடிப் பிடித்துப் போட்டாள்.

திரையில் கடல் விரிந்தது. சனம் "ஆ" என்றது. அடுத்து ஓமகுண்டம் மூண்டது. "ஓஓஓம்" என்ற சத்தத்தில் பந்தல் கால்கள் அதிர்ந்தன. முன்வரிசைக் கிழவர் ஒருவர் எழுந்து சால்வையை இடுப்பில் கட்டினார். பெண்கள் கைகூப்பினார்கள். யாரோ ஒருத்தி பிள்ளையின் செருப்பைக் கழற்றினாள். சாமியார் கீரிமீன் கருவாட்டை இரண்டு கையாலும் ஏந்தி நெருப்பில் இட்டபோது, கூப்பிய கைகள் கூப்பியபடி நின்றன, முகங்கள்தான் மாறின.

நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார்.

கீர்த்திகனுக்கு அழுகை வந்தது. சனத்தை விலக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனான்.

"மச்சான், நாளைக்குக் கடைக்கு வாறன்."

"வாங்கோ. கதிரையைத் துடைச்சுத்தான் வைச்சிருக்கிறன்" என்றான் பிரகலாதன்.

பின்னால் ஒரு கை கீர்த்திகனின் தோளில் விழுந்தது. சம்மாட்டியார். முகத்தில் கோபம் இல்லை. அதைவிட மோசமாக, இரக்கம் இருந்தது.

"தம்பி, ஒண்டு கேக்கிறன், கோவியாதையும். நீர் ஏன் உந்த ஓமை விடமாட்டன் எண்டு நிக்கிறீர்? கருவாட்டுக்கு ஓம் என்னத்துக்கு?"

கீர்த்திகன் திகைத்தான். "நீங்கள்தானே ஐயா கேட்டனீங்கள்? ஒரு சொல்லுக் குறையப்படாது எண்டு."

"நான் ஓம் எண்டு சொல்லவேயில்லையே. உம்மடை தொழிலிலை உப்பிடி ஏதோ முறை இருக்காக்கும் எண்டெல்லோ பேசாமல் இருந்தனான்."

கீர்த்திகன் போனை எடுத்து, இரைச்சல் நீக்கிய அந்தப் பதிவைப் போட்டான். 'மண் இல்லை, மணல் இல்லை. ஓம்.' தெளிவாகக் கேட்டது. சம்மாட்டியார் காதைக் கிட்ட வைத்து இன்னொரு தரம் கேட்டார்.

"குரல் என்ரைதான்" என்றார் குழம்பிப்போய். "ஆனால் ஏன் சொன்னனான்?"

வந்தவர்களுக்குத் தேத்தண்ணித் தட்டத்தை ஏந்திக்கொண்டு அந்த வழியால் வந்த சம்மாட்டியாரின் மனைவி தங்கமுத்து நின்றார். ஒரு கோப்பையை எடுத்துக் கீர்த்திகனின் கையில் கொடுத்தார்.

"அது மோனை, 'தேத்தண்ணி போடட்டோ' எண்டு நான் குசினிக்குள்ளை இருந்து கேட்டதுக்கு இவர் சொன்ன ஓம்."