அப்பாவின் காலுக்கு நான் வாங்கிய மதிப்பெண்

பாசத்தையும் பயத்தையும் நான் சரிபாதியாக வைத்திருக்கிற என் அத்தைக்கு,

வணக்கம். கையில் போன் இருக்கும்போது கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் "ம்", "நல்லா இருக்கேன் அத்தை", "இதோ அப்பாகிட்ட குடுக்கறேன்" என்ற மூன்றைத் தவிர நான் எதுவும் பேசியதில்லை என்பது உங்களுக்கே தெரியும். தவிர, சொல்ல வேண்டியது அப்பாவைப் பற்றி. அவரோ நான் போனை எடுத்தால் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு நிற்பார். இங்கே நாங்கள் மூவரும் நலம். அப்பாவின் இடது குதிகாலைப் பற்றி மட்டும் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா உங்களிடம், "அக்கா, என் கால் எரிச்சலை என் பொண்ணு கையாலேயே போக்கிட்டா, இனிமே மாத்திரை எல்லாம் எதுக்கு?" என்று சொன்னதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். வெளியே வந்து மறுக்க வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அத்தை, அவர் சொன்னதில் முதல் பாதி ஓரளவு உண்மை, இரண்டாம் பாதி வெறும் வாய்ச்சவடால். இங்கே யாரும் எந்த மாத்திரையையும் நிறுத்தவில்லை. அவர் பேச்சைக் கேட்டு நீங்களும் உங்கள் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நம் வீட்டில் ஒருவருக்கும் சரியாகச் சொல்ல வராது. கல்லூரிக்குள் போன முதல் ஆள் நான் என்பதால் ஒப்பிட்டுச் சொல்ல வேறு ஆளும் இல்லை. "டாக்டர் மாதிரி, ஆனா ஊசி போடாது" என்று அப்பா சொல்வார். அம்மா, "கால் பிடிக்கிற படிப்பு" என்பாள். உண்மையில் நாங்கள் கால் பிடிப்பதில்லை. சர்க்கரையாலோ வேறு நோயாலோ நரம்பு கெட்டுப்போனவர்களுக்குப் பாதம் எரியும், எறும்பு ஊரும், சுருக்கென்று குத்தும், சில இடங்களில் எதுவுமே தெரியாமல் மரத்துப்போயிருக்கும். அந்தக் காலை மடியில் துண்டு விரித்து வாங்கி, முதலில் விரல் இடுக்கெல்லாம் புண் இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் உள்ளங்கையை வைத்து, தூங்குகிற பிள்ளையைத் தொடுகிற அளவுக்கு மேல் அழுத்தாமல், மெல்ல மெல்ல நகர்த்த வேண்டும். ஒவ்வொரு விரலாக அசைத்துக் கொடுக்க வேண்டும். இதனால் கெட்ட நரம்பு திரும்ப முளைக்காது. ஆனால் எரிச்சல் இறங்கும், இறுக்கம் தளரும், மனுஷன் நிம்மதியாகத் தூங்குவான். அவ்வளவுதான் எங்களால் முடியும். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்று என் எதிரே கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விடுகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

எங்கள் மேடம் நடத்துகிற சிகிச்சை நிலையம் இரண்டே அறை. ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. கீழே இயந்திரம் ஓடும்போது தரை லேசாக அதிரும். அதுவும் சிகிச்சையில் சேர்த்தி என்று ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் நம்புகிறார். இயந்திரம் நின்றால், "கரண்ட் போயிடுச்சா? அப்ப நாளைக்கு வரேன்" என்று எழுந்துகொள்வார்.

இந்த இடத்துக்குத்தான் அப்பா கடை விடுமுறை நாளில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, நோயாளியாக வந்தார். முப்பத்தோரு வருஷம் முடி வெட்டும் நாற்காலிக்குப் பின்னால் நின்ற கால் அது, போதாததற்குச் சர்க்கரை வேறு. எரியாமல் என்ன செய்யும்? உள்ளே வந்தவர் உட்காரவில்லை. என் நாற்காலியைச் சுற்றி வந்தார், ஏற்றி இறக்கிப் பார்த்தார், "ஸ்க்ரூ லூஸா இருக்கே" என்றார். மடியில் நான் துண்டு விரித்ததைப் பார்த்து, "ஓரத்தை உள்ள மடிச்சு விடும்மா, தொழில் பண்றவ துண்டு தொங்கக் கூடாது" என்றார். நான் பாதத்தில் கை வைத்ததும் ஒரு நிமிஷம் பொறுமையாக இருந்துவிட்டு, மேடம் காதில் விழாதபடி கிசுகிசுத்தார்:

"ஆரம்பிச்சிட்டியா?"

"ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சுப்பா."

"ஒண்ணும் முறிக்கலையே?"

"இதுல முறிக்க மாட்டோம்."

"ஒரு தட்டு? ஒரு குத்து? கழுத்தையாவது ஒரு திருப்பு திருப்பும்மா, அவங்க பாத்துட்டு இருக்காங்க!"

கழுத்தில் 'படக்' என்று சத்தம் வந்தால்தான் வேலை முடிந்தது என்பது அவர் கடைச் சட்டம். என் சிகிச்சையில் சத்தமே இல்லாதது அவருக்குப் பெரிய குறையாக இருந்தது.

சிகிச்சை முடிந்ததும் ஒரு சோதனை உண்டு. தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் பத்து இடத்தில் அதால் தொட வேண்டும். தெரிந்தால் சொல்ல வேண்டும். நான் தொட்டேன். "தெரியுதாப்பா?" "ம்." "இங்க?" "ம்." "இங்க?" "நல்லா தெரியுதும்மா." பத்துக்குப் பத்து! அதைச் சீட்டில் பெரிதாக எழுதினேன். மேடம் கூட எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலை வீட்டுக்கு நடந்து வரும்போது எதிரே வந்தவர்கள் எல்லாருடைய பாதத்தையும் நான் குணப்படுத்திவிடுவேன் போல ஒரு நடை நடந்தேன்.

மறுநாளே கடையில் விளம்பரம் தொடங்கிவிட்டது. பாவம் அத்தை, கன்னத்தில் நுரையும் தொண்டையில் கத்தியுமாக இருக்கிறவன் எங்கே ஓடுவான்? கேட்டுத்தானே ஆக வேண்டும்! கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த விலைப் பட்டியலை எடுத்துவிட்டு, நான் பட்டம் வாங்குகிற போட்டோவை நாலு மூலையிலும் பின் குத்தி மாட்டினார். நான் சாப்பாடு கொண்டுபோன ஒரு மத்தியானம் வாசலில் நின்று கேட்டேன்.

"முறிக்க மாட்டா, பிசைய மாட்டா, ஆனா வலி போயிடும்" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

நாற்காலியில் இருந்த கணக்கு வாத்தியார், "பின்ன என்னதான் பண்ணுவா?" என்றார்.

"கையை வெப்பா."

"என் கையை நானே வெச்சுக்கக் கூடாதா?"

"வெச்சுக்கலாம் சார். நீங்க என்ன, முடியைக் கூட நீங்களே வெட்டிக்கலாம். அப்புறம் தொப்பி வாங்கணும்."

வாத்தியார் மறுநாள் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். அவருக்கு நரம்பில் ஒரு கோளாறும் இல்லை, செருப்புதான் ஒரு அளவு சின்னது. அப்படியே வரிசையாக ஆள் வந்தார்கள். குதிகால் வெடிப்புக்கு ஒருவர், நகம் வெட்டிவிடச் சொல்லி ஒருவர். நான் ஒவ்வொருவரிடமும் தலையைக் குனிந்துகொண்டு, "இதுக்கு நாங்க இல்லைங்க" என்று சொல்லி அனுப்பினேன். ஆனாலும் உள்ளுக்குள் பெருமை பொங்கியது. நம் வீட்டு ஆள் ஒருத்தியைத் தேடி ஊர் மாடி ஏறுகிறது!

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம். அப்பா கடையிலிருந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டு, கூடத்தில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டே யாருடனோ போனில் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். டிக். டிக். டிக். ஒரு சத்தம். அம்மா சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தாள். கடிகாரம் நின்று ஆறு மாதம் ஆகிறது. குழாய் சொட்டுகிறதா என்று போய்ப் பார்த்தாள். அப்பா நின்றால் சத்தமும் நின்றது. நடந்தால் டிக். அம்மா அவரையே உற்றுப் பார்த்துவிட்டு, "என்னங்க, நீங்கதான் அடிக்கிறீங்க" என்றாள்.

உட்காரவைத்து இடது காலைத் தூக்கினேன். குதிகாலில், தட்டைத் தலை தெரிய, முழுசாக இறங்கியிருந்தது ஒரு பின். என் பட்டமளிப்புப் போட்டோவிலிருந்து கழன்று விழுந்த நாலாவது மூலைப் பின். குளிர்ச்சியாக இருக்கும் என்று கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருக்கிறார். அதன் மேல் எத்தனை தலை வெட்டினார், எவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

அத்தை, எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்துக்குப் பத்து என்று எழுதிய கை என் கைதான்.

"அப்பா, இது குத்தினது தெரியவே இல்லையா?"

"தெரிஞ்சுது... லேசா."

"எப்ப?"

"இப்ப நீ சொன்னப்ப."

மருத்துவமனைக்குப் போய்ப் புண்ணைச் சுத்தம் செய்து ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். இன்னும் இரண்டு நாள் பார்க்காமல் விட்டிருந்தால் காலுக்கே வினையாகியிருக்கும் என்று டாக்டர் திட்டினார். ஆட்டோவில் வரும்போது அப்பா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நான் முதல் முதல்ல கத்தி புடிச்சப்ப ஒருத்தர் காதை வெட்டிட்டேன். என் முதலாளி பக்கத்துல நிக்கிறார். அந்த மனுஷன் துண்டால காதைப் பொத்திக்கிட்டு, 'ம், நல்லா வெட்டறான் பையன்'னுட்டுப் போனார். நாற்காலில உக்காந்தவன் தொழில் பண்றவனைக் காட்டிக்குடுக்கக் கூடாது. உங்க மேடம் நின்னுட்டு இருந்தாங்க. நீ மார்க் போட்டுட்டு இருந்தே."

"அது எனக்கு மார்க் இல்லப்பா! உங்க காலுக்கு!"

"என் காலுக்கு எதுக்கும்மா மார்க்? அது என்ன படிச்சிருக்கு?"

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவர் என் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தெரியுதான்னு கேட்டா உலகத்துல எல்லா அப்பாவும் தெரியுதுன்னுதான் சொல்வாங்க. எந்த இடம்னு கேளு. சில தடவை தொடாமயே கேளு. தப்பைக் கொண்டுவந்து சொன்னியே, அது போதும்" என்றார்.

புண் ஆறியதும் திரும்பச் சோதித்தேன். பத்துக்கு மூன்று. அந்த மூன்றை எழுதும்போது எனக்கு வந்த பெருமை முதல் பத்துக்கு வரவில்லை, அத்தை. அது பொய் கலக்காத மூன்று. எழுத எழுத அப்பா முகம் சுருங்கியது. "மூணா? நீ எந்தப் பரீட்சையிலயும் மூணு வாங்கினதில்லையேம்மா" என்றார். இது குறைவதும் கூடுவதும் என் கையில் இல்லை, எரிச்சல் குறைவதுதான் என் வேலை என்று அரை மணி நேரம் விளக்கினேன். தலையாட்டினார். இப்போது வாரம் இரண்டு நாள் வருகிறார். எரிச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது, இதை அம்மாவே சொல்கிறாள். விடியும்வரை ஒரே தூக்கம். கடையிலும் மூடிய செருப்புதான். பின்னந்தலையைக் காட்டுகிற கைக்கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவந்து, தினமும் உள்ளங்காலைப் பார்த்து, "இந்தக் கஸ்டமர் நல்லா இருக்கார்" என்கிறார். ஆகவே கவலைப்பட ஒன்றும் இல்லை. எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று இந்த ஒரு தடவை தைரியமாகவே எழுதுகிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். நீங்கள் திட்டினாலும் அது ஆசீர்வாதம்தான் என்பதால், எதுவாக இருந்தாலும் அனுப்புங்கள்.

உங்கள் மருமகள்,
கால் பார்க்கிறவள்.

பின்குறிப்பு: மேலே 'எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்று எழுதியதை நம்ப வேண்டாம். உறையை ஒட்டுவதற்கு முன்னால் இன்று காலை திரும்பச் சோதித்தேன். "எந்த விரல்?" என்று கேட்கக் கேட்க, கண்ணை மூடிக்கொண்டே பத்துக்குப் பத்து சரியாகச் சொன்னார். தொடாதபோது, "இப்ப தொடலை" என்று வேறு சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பத்தாவது தடவைதான் கவனித்தேன், எனக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு விடாத இருமல். கட்டைவிரலுக்கு ஒன்று, அடுத்ததுக்கு இரண்டு. சுண்டுவிரலுக்கு ஐந்து தடவை இருமி நிஜமாகவே மூச்சு வாங்கியது. "உன் பேர் கெடக் கூடாதுன்னுதான்டி" என்கிறாள்.

அதனால் இவ்வளவு நேரம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிடுகிறேன். போன வருஷம் பேருந்து நிலையத்தில் உங்களை வழியனுப்பியபோது ஒரு காலில் செருப்பு இல்லாமலே நீங்கள் பேருந்து வரை நடந்து போனீர்கள். நான்தான் ஓடி வந்து கொடுத்தேன். மறதி என்று சிரித்தீர்கள். மறதி இல்லை அத்தை, கால் மரத்துப்போயிருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. அடுத்த வாரம் கிளம்பி வாருங்கள். அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, அப்பாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, என் நாற்காலியில் உட்காருங்கள். நான் தொட்டு, "எந்த விரல்?" என்று கேட்பேன். அவர் உலகத்தில் நம்புகிற ஒரே ஆள் நீங்கள். அவர் காது கேட்க, "தெரியலடி" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.