மோட்டார் ரூமின் சிவப்பு எழுத்து

"எழுத்து இன்னும் தெரியுதுங்களே!" என்றாள் மருதாத்தாள்.

அவள் புருசன் குப்பண்ணன் சாணிக் கையோடு நாலடி பின்வாங்கிப் பார்த்தார். எருத்தேன்பதியில் அவர் புதிதாகக் கட்டிய மோட்டார் ரூமின் வெள்ளைச் சுவரில், சிவப்புப் பெயிண்டில் முழம் முழமாக எழுதியிருந்தது: 'சர்க்கார் மானியம். சிறு விவசாயி குப்பண்ணன்.' யார் பணத்தில் கட்டியது என்று ஊருக்கே தெரிய வேண்டுமாம். அப்படி ஒரு சட்டம்.

ஊருக்குத் தெரியட்டும். மீனாட்சிபுரத்து நாச்சிமுத்துவுக்குத் தெரியக்கூடாது. மகளை அவர் பையனுக்குக் கேட்டிருந்தார்கள். இன்றைக்குத் தோட்டம் பார்க்க வருகிறார்கள். பிடித்தால் கை நனைத்துச் சாப்பிடுவார்கள். சாப்பிட்டால் சம்பந்தம் உறுதி. போன வாரம் மருதாத்தாளோடு அங்கே போயிருந்த குப்பண்ணனோ, 'மோட்டாரு, ரூமு அத்தனையும் சொந்தக் காசுங்க' என்று அளந்துவிட்டு வந்திருந்தார்.

"அவிய பெரிய கை, மருதா. மோட்டார் ரூமையே மூடற அளவுக்கு வைக்கப்போரு பாத்தயில்ல?"

"பாத்தனுங்க. திங்கற மாட்டத்தான் காணோம்."

"மேய்ச்சலுக்குப் போயிருக்கும். நீ சாணியெடு."

சுவர் முழுக்க வறட்டி தட்டி முடிக்கவும் சைக்கிள் மணி கேட்டது. மானியத்தைக் கவனிக்கும் மலையாளத்துக் கிராமசேவகர் சங்குண்ணி.

"எந்தா குப்பண்ணா இது? எழுத்து எவிடே?"

"வறட்டி தட்ட வேற செவுரில்லீங்க, சார்."

"சர்க்கார் பணம் நாலாள் காணணும். மறைச்சால் மானியம் திருப்பிக் கட்டணும். கழுவு!"

குடம் குடமாக ஊற்றினார்கள். வெள்ளைச் சுவர் பச்சையாகிவிட்டது. பச்சையில் சிவப்பெழுத்து முன்னைவிடப் பளிச்சென்று சிரித்தது.

தூரத்தில் வண்டிமாட்டுச் சலங்கை கேட்டது. குப்பண்ணன் சங்குண்ணியை மோர் குடிக்க வீட்டுக்குள்ளே அனுப்பிவிட்டு ஓடி வந்தார்.

"பெரிய சேலையா ஒண்ணு கொண்டா. செவுத்துல காயப்போடு!"

"பெருசுன்னா என்ற கூறைச்சேலைதானுங்க இருக்குது!"

"மக கண்ணாலத்துக்குத்தான? போடு!"

நாச்சிமுத்து வண்டியிலிருந்து இறங்கினார். கொடுத்த சொம்புத் தண்ணீரைத் தொடவில்லை. தென்னையைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், சேலைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க, கூறைச்சேலைய மோட்டார் ரூமுலயா காயப்போடுவீங்க?"

"பூச்சி புடிக்காம வெயில் காட்டறதுங்க."

மீசையில் மோரோடு வெளியே வந்த சங்குண்ணி சேலையை ஒரே இழுப்பில் இழுத்தார். அதோடு விடாமல், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உரக்கப் படித்தும் காட்டினார்:

"சர்க்கார் மானியம்! சிறு விவசாயி குப்பண்ணன்!"

மருதாத்தாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். குப்பண்ணன் சுவரோடு சுவராக நின்றார். நாச்சிமுத்து எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர் எவிடத்துக்காரர்?" என்றார் சங்குண்ணி.

"மீனாட்சிபுரமுங்க."

"ஓ! நாளைக்கு ஞான் அங்கே பரிசோதனைக்கு வரும்."

நாச்சிமுத்து சட்டென்று குப்பண்ணன் தோளில் கை போட்டார். "எலையப் போடச் சொல்லுங்க, சம்பந்தி. கை நனைச்சுட்டுச் சுருக்கா கெளம்போணும்."

"பொண்ண இன்னும் பாக்கலீங்களே!"

"அதெல்லாம் புடிச்சுப் போச்சுங்க!"

மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த வண்டிக்காரர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "ஏனுங்க, அப்ப நம்ம மோட்டார் ரூமு எழுத்து மேல போட்ட வைக்கப்போர இன்னைக்கே பிரிச்சுப்போடலாமுங்களா?"