சுரம் ஆடுதுங்க மேடம்

"சுரம் ஆடுதுங்க மேடம்," என்றார் ராமப்பன் போனில்.

"எப்படி ஆடுது சார்?"

"ஒரு கட்டையை அமுக்குனா நேரா நிக்க மாட்டேங்குது. லேசா மேல போவுது, கீழ வருது."

ராமப்பன் ஓசூரில் ஒரு பிரேக் கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். மனைவி மங்கம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். பிள்ளைகள் இல்லை. முதல் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீடு வந்தால், மறுநாள் காலைவரை பேச ஆளில்லை. அந்தப் பொழுதைத் தள்ளத்தான் சிந்தசைசர் என்ற எலெக்ட்ரானிக் கீபோர்டு வாங்கினார். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பெரிய பெரிய வாத்தியங்களைக் கம்ப்யூட்டர் புரோகிராமாக நகலெடுத்து, அந்தப் புரோகிராமைத் திரும்பவும் குமிழ்கள் வைத்த ஒரு பெட்டிக்குள் அடைத்திருந்தார்கள்.

போனில் பேசியவர் ஜெயப்ரியா. பெட்டியை விற்ற கம்பெனியின் பெங்களூர் கஸ்டமர் கேர்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார். நாளைக்கு இதே நேரம் கூப்பிடுங்க."

ஆட்டம் நிற்கவில்லை. மறுநாள் சரியாக மூன்று மணிக்குக் கூப்பிட்டார்.

"சாப்ட்வேர் அப்டேட் போட்டுப் பாக்கலாம் சார். சாப்டீங்களா?"

அந்தக் கேள்வியை அவரிடம் ஒருவர் கேட்டு வெகுநாளாகியிருந்தது. "களி கிண்டுனேன்மா," என்றார். அது கட்டி தட்டிப்போன கதையையும் சொன்னார். ஜெயப்ரியா சிரித்தார்.

அப்டேட் போட்டதும் திரையில் இருந்த எழுத்தெல்லாம் ஜப்பான் மொழிக்குப் போய்விட்டது.

அதைச் சரிசெய்ய, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொன்னார் ஜெயப்ரியா. இங்கிலீஷ் திரும்பி வந்தது. ராமப்பன் ஒரு மாதம் உட்கார்ந்து சேர்த்து வைத்த நாற்பது ஒலிகள் திரும்பவில்லை.

"ஐயோ, சாரி சார்!"

"போனா போவுதும்மா. அடுத்து என்ன பண்ணலாம், சொல்லு."

அடுத்தது, பெட்டி தன் சுருதியைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் கேலிப்ரேஷன். பட்டனை அமுக்கியதும் பெட்டி வீடே அதிரப் பிளிறியது. கீழ்வீட்டு நஞ்சம்மா தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி போட்டு, மேய வரும் யானைகளை விரட்டிப் பழகியவர். தட்டையும் கரண்டியையும் தட்டிக்கொண்டே மாடியேறி வந்துவிட்டார்.

"எங்க ராமப்பா ஆனை?"

"ஆனை இல்லீங்கக்கா, வாத்தியம்."

"பட்டாசு தேடி வீட்டையே கவுத்துட்டேனே!"

ஐந்தாவது வாரம் கம்பெனி பொறுமையிழந்து ஆளையே அனுப்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை வந்த வெங்கட், பெட்டியின் ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். சுரம் அசையாமல் நின்றது.

"இது ரிப்பேரே இல்ல சார். பழைய வாத்தியம் சூடானா சுருதி ஆடும். அந்த ஆட்டத்தையும் சேத்துத்தான் காப்பி அடிச்சிருக்காங்க. புத்தகத்துல முதல் பக்கத்துலயே போட்டிருக்கே, படிக்கலையா?"

ராமப்பன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிச்சேன் தம்பி. வாங்குன அன்னிக்கே."

"அப்புறம் எதுக்கு சார் இத்தனை போன்?"

"மூணு மணிக்கு வீட்டுக்கு வந்தா… யாருகிட்டயாவது பேசணும்ல." குரல் இறங்கியது. "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க. இத்தனை நாளா ஏமாத்திட்டேன்னு நெனச்சுக்கும்."

வெங்கட் 'புகார் தீர்ந்தது' என்று அச்சடித்த தாளை எடுத்து நீட்டினார். ராமப்பன் பேனாவைத் திறந்தார்.

"ஜெயப்ரியா மேடத்துக்கும் இந்தக் குமிழ் விஷயம் மொத நாளே தெரியும் சார்," என்றார் வெங்கட். "இந்தப் பெட்டிக்கு வர்ற ஒரே கம்ப்ளெயின்ட் உங்களுதுதான், இது முடிஞ்சா அவங்க சீட்டும் காலி. பாத்துக் கையெழுத்து போடுங்க."